வெடித்த விண்மீனின் படத்தை வாசிப்பது எப்படி?

நாளிதழிலோ கைப்பேசியிலோ இந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கறுப்புப் பின்னணியில் கந்தலான ஒரு வட்டம். உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா எல்லாம் குழம்பிக் கிடக்கும். வெளி விளிம்பில் நீல நூல்கள் மெல்லியதாகச் சுற்றியிருக்கும். ‘காசியோப்பியா ஏ, சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எடுத்தது’ என்று கீழே ஒரு வரி. அழகாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பீர்கள்.

அந்தப் படத்தில் ஒவ்வொரு நிறமும் ஒரு பொருளின் பெயர். சிவப்பு இருக்கும் இடத்தில் சிலிக்கான் இருக்கிறது, ஊதா இருக்கும் இடத்தில் இரும்பு. இது தெரிந்தால் அந்தக் கந்தல் வட்டத்தை ஒரு வரைபடம் போலவே வாசிக்கலாம். அதற்கு இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில், அது என்ன பொருள்? சூரியனைவிடப் பல மடங்கு பெரிய ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியபின் மிஞ்சியது. அப்படி வெடிப்பதை சூப்பர்நோவா என்பார்கள். வெடித்தபின் விரிந்துகொண்டே போகும் வாயுவும் தூசியும்தான் சூப்பர்நோவா எச்சம். காசியோப்பியா ஏ நம்மிடமிருந்து சுமார் 11,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது (ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு ஒளியாண்டு, ஏறக்குறைய 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்). அதன் அகலம் மட்டுமே சுமார் 10 ஒளியாண்டு.

எப்போது வெடித்தது? சிதறல்கள் இன்று ஓடும் வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அவை எல்லாம் ஒரே புள்ளியில் இருந்த காலம் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி வெடிப்பின் ஒளி 1670களை ஒட்டிப் பூமிக்கு வந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் அப்போது தொலைநோக்கி புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஆனாலும் யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. இங்கிலாந்தின் ஜான் ஃபிளாம்ஸ்டீடு 1680இல் அந்தப் பக்கம் குறித்துவைத்த ஒரு விண்மீன் இதுதானோ என்று சிலர் சொல்கிறார்கள், பலர் ஏற்பதில்லை. நடுவில் இருக்கும் விண்வெளித் தூசி ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது என்பதே பொதுவான விளக்கம். 1948இல்தான் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலும் ஃபிரான்சிஸ் கிரஹாம் ஸ்மித்தும் ரேடியோ அலைகள் வழியாக அதைக் கண்டுபிடித்தார்கள்.

எக்ஸ் கதிர் என்றதும் உங்களுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அங்கே கருவிதான் கதிரை உங்கள் மேல் பாய்ச்சுகிறது. எலும்பு தடுத்த இடம் படத்தில் நிழலாக விழுகிறது. தொலைநோக்கி எதையும் பாய்ச்சுவதில்லை. எச்சமே எக்ஸ் கதிரை உமிழ்கிறது, தொலைநோக்கி அதை வாங்கிக்கொள்கிறது.

எச்சம் ஏன் எக்ஸ் கதிரை உமிழ வேண்டும்? பெரும்பாலும் சூட்டினால்தான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி சூட்டில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளி வருகிறது. ஒரு வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறினால் அது உமிழ்வதில் பெரும்பகுதி எக்ஸ் கதிராக இருக்கும். நம் கண்ணுக்கு அது இருட்டு.

வெடித்து ஏறக்குறைய 350 ஆண்டு ஆகியும் சூடு ஆறவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்மையில் அது ஆறித்தான் போனது. விரியும் வாயு சீக்கிரமே குளிர்ந்துவிடும். இப்போது நாம் பார்ப்பது மோதலால் புதிதாகப் பிறந்த சூடு. வெடிப்பின் முன்விளிம்பு வினாடிக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. பூமியின் குறுக்களவை 3 வினாடிக்குள் கடக்கும் வேகம் அது. முன்னால் கிடக்கும் வாயுவில் அது முட்டும்போது அதிர்வலை (வாயுவைத் திடீரென நெருக்கிச் சூடேற்றும் விளிம்பு) உண்டாகிறது. முட்டி வேகம் குறைந்த அந்தப் பகுதியில், பின்னால் வரும் விண்மீனின் சிதறல்கள் வந்து இடிக்கின்றன. அதனால் இன்னொரு அதிர்வலை சிதறல்களுக்குள் புகுந்து அவற்றைச் சூடேற்றுகிறது. படத்தில் வெளி நீல விளிம்பு முதல் அதிர்வலையின் வேலை, உள்ளே இருக்கும் பல நிறக் கந்தல் இரண்டாவதன் வேலை. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு புதிருக்கு அது தேவைப்படும்.

இதைப் பார்க்க ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்? மலை உச்சியில் ஒரு தொலைநோக்கி வைத்தால் போதாதா? போதாது. பூமியின் காற்று எக்ஸ் கதிரை முழுக்க விழுங்கிவிடுகிறது, இமயத்தின் உச்சியில் நின்றாலும் தலைக்கு மேல் இருக்கும் காற்று அதற்குப் போதும். உயிர்கள் பிழைத்திருக்க அது உதவி, வானியலாளர்களுக்குத்தான் தொல்லை.

அதனால் ஆரம்பத்தில் ராக்கெட்டில் கருவியை வைத்துக் காற்றுக்கு மேலே அனுப்பி, அது திரும்பி விழுவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்களில் பார்த்தார்கள். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து அப்படி ஒரு ராக்கெட்டை ஏவி, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரை முதன்முதலாகக் கண்டது. 2002இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்துச் சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது 1964 ஜூலையில் நடந்தது. ரிஷப ராசியில் இருக்கும் நண்டு நெபுலா என்ற எச்சத்திலிருந்து எக்ஸ் கதிர் வருகிறது என்று தெரிந்திருந்தது. ஆனால் முழு எச்சத்திலிருந்தா, நடுவில் ஒரு புள்ளியிலிருந்தா என்று பிரித்துப் பார்க்கும் கூர்மை அன்றைய கருவிக்கு இல்லை. அந்த ஜூலையில் நிலா நண்டு நெபுலாவை மறைத்துக்கொண்டு நகரவிருந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு மிகச் சரியாக அந்த நிமிடங்களில் ராக்கெட் மேலே இருக்கும்படி ஏவியது. கதிர் சட்டென்று அணைந்தால் புள்ளி, மெல்ல மெல்லக் குறைந்தால் பரந்த பொருள். மெல்லக் குறைந்தது. நிலாவையே கருவியாக்கிய அந்தத் துணிச்சலுக்கு இன்னும் பெயர் கிடைத்திருக்க வேண்டும்.

இப்போது சந்திராவுக்கு வருவோம். நாசா 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் இதை அனுப்பியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் இதற்கு. நண்பர்கள் அவரைச் சந்திரா என்றே அழைத்தார்கள். ஐந்து ஆண்டு வேலைக்கு என்று திட்டமிட்டது, கால் நூற்றாண்டைத் தாண்டி ஓடியிருக்கிறது. பூமியைச் சுற்றும் கதிர்வீச்சுப் பட்டைகள் தொந்தரவு செய்யாமலிருக்க, நிலாவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை போய்வரும் நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டரை நாளுக்கும் மேல் ஆகும்.

நம் சதையைத் துளைத்துப் போகும் எக்ஸ் கதிரைக் கண்ணாடி எப்படித் திருப்பும்? நேருக்கு நேர் வைத்தால் திருப்பாது, கதிர் உள்ளே புகுந்துவிடும். ஆனால் கண்ணாடியை உரசுகிற மாதிரி, ஏறக்குறைய 1 டிகிரி சாய்வில் வந்தால் தெறித்துப் போகும். ஓட்டாஞ்சில்லை நேராகக் குளத்தில் போட்டால் முழுகும், படுக்கையாக வீசினால் தவ்வித் தவ்விப் போகும், அது போல. அதனால் சந்திராவின் கண்ணாடிகள் குழல்கள் மாதிரி இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இணைகள்; பெரியதன் குறுக்களவு சுமார் 1.2 மீட்டர். உட்புறத்தில் இரிடியம் என்ற உலோகம் பூசியிருக்கிறார்கள். அந்தப் பரப்பின் மேடுபள்ளம் சில அணுக்களின் உயரத்துக்கு மேல் போகாத அளவுக்கு மெருகேற்றியிருக்கிறார்கள். உரசித் திரும்பிய கதிர் 10 மீட்டர் தள்ளிக் குவிகிறது.

குவியும் இடத்தில் சிசிடி சில்லுகள் (ஒளியை மின்னாக மாற்றும் கருவி) இருக்கின்றன. உங்கள் கேமரா ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான ஃபோட்டான்களை (ஒளியின் ஒற்றைத் துகள்) அள்ளிக்கொள்கிறது. எக்ஸ் கதிர் அவ்வளவு தாராளமாக வராது. ஒவ்வொன்றாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு: எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது. காசியோப்பியா ஏ-யைப் பார்க்கவே 2004இல் 10 லட்சம் வினாடி, அதாவது 11 நாளுக்கும் மேல், சந்திரா செலவிட்டது.

அந்த மூன்றாவது பதிவில், ஆற்றலில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் சூடானால் தனக்கே உரிய சில ஆற்றல்களில் எக்ஸ் கதிரை உமிழும், வேறொரு தனிமம் அதே வரிசையில் உமிழாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் என்றால், சூடான சிலிக்கானிலிருந்து வருவதற்கு ஏறக்குறைய 1,860. கந்தகத்துக்குச் சுமார் 2,450, கால்சியத்துக்கு 3,900, இரும்புக்கு 6,700. எனவே 6,700ஐ ஒட்டிய ஃபோட்டான்களை மட்டும் பொறுக்கி வரைந்தால் இரும்பு எங்கே இருக்கிறது என்ற படம் கிடைத்துவிடும்.

அப்படியானால் நிறங்கள் எல்லாம் கணினியில் பூசியவைதானே, படம் பொய்தானே? பூசியவைதான், பொய் இல்லை. எக்ஸ் கதிருக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. அதனால் எந்த ஆற்றலுக்கு எந்த நிறம் என்று முடிவு செய்து தீட்டுகிறார்கள். நிலவரைபடத்தில் கடலுக்கு நீலம் தீட்டுவதை நாம் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும்: வரைபடத்தைப் போல இங்கே பொது விதி இல்லை. ஒரே எச்சத்துக்கு நாசா வெளியிட்ட இரண்டு படங்களில் சிவப்புக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒன்றில் அது சிலிக்கான், இன்னொன்றில் வேறொரு தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்பு ஒளி (சிவப்புக்கும் கீழான ஆற்றல் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி). ஆகவே படத்தைப் பார்க்கும் முன் அடிக்குறிப்பைப் பாருங்கள். நிறத்துக்கு விளக்கம் இல்லாமல் சுற்றி வரும் படத்தை நான் அழகுக்காக மட்டும் பார்ப்பேன், அதிலிருந்து எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

2017இல் வெளியான, மிகவும் பரவலாகச் சுற்றும் காசியோப்பியா ஏ படத்தில் சிலிக்கான் சிவப்பு, கந்தகம் மஞ்சள், கால்சியம் பச்சை, இரும்பு ஊதா. விளிம்பில் ஓடும் அதிர்வலை நீலம். அளவும் போட்டிருக்கிறார்கள்: கந்தகம் மட்டும் 10,000 பூமிகளின் எடைக்கு, சிலிக்கான் 20,000 பூமிகளுக்கு, இரும்பு 70,000 பூமிகளுக்கு. ஆக்சிஜன் 10 லட்சம் பூமிகளின் எடை. ஆனால் ஆக்சிஜனுக்கு அந்தப் படத்தில் தனி நிறம் இல்லை. அதன் கதிர் பல ஆற்றல்களில் பரவிக் கிடப்பதால் பிரித்துக் காட்டுவது கடினம். படத்தில் தெரியாத பொருள் அங்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே முதல் பாடம்.

இரண்டாவது பாடம், முன்பு சொன்ன அந்தப் புதிர். பெரிய விண்மீன் தன் வாழ்நாளில் அடுக்கடுக்காகத் தனிமங்களைச் சமைக்கிறது. இரும்பு உருவாகும் இடம் ஆக உள்ளே, சிலிக்கானும் கந்தகமும் அதற்கு வெளியே. வெடித்தாலும் அதே வரிசையில்தான் விரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் காசியோப்பியா ஏ-யின் தென்கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள் (வானப் படங்களில் கிழக்கு இடப்பக்கம், எனவே கீழே இடதுபுறம்). அங்கே ஊதா, சிவப்பையும் தாண்டி வெளியே நிற்கிறது. உள்ளே இருந்த இரும்பு சிலிக்கானை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. வெடிப்பு ஒரே சீராக நடக்கவில்லை, உள்ளிருந்தது சில திசைகளில் பீறிட்டிருக்கிறது.

நடுவில் இரும்பே தெரியவில்லையே, எல்லாம் வெளியே வந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். பின்னோக்கிப் பாயும் இரண்டாவது அதிர்வலை இன்னும் நடுவைத் தொடவில்லை. தொடாத இடம் சூடேறவில்லை, சூடேறாத இரும்பு எக்ஸ் கதிரை உமிழாது. நடுவில் இரும்பு குவிந்து கிடந்தாலும் சந்திராவுக்குத் தெரியாது.

இதற்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள். வெடிப்பின் ஆழத்தில் இரும்போடு சேர்ந்தே டைட்டானியம்-44 என்ற கதிரியக்கத் தனிமமும் உருவாகிறது. சுமார் 60 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகத் தேயும். தேயும்போது உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் வருகிறது, அதற்குச் சூடே தேவையில்லை. 2012இல் நாசா ஏவிய நியூஸ்டார் தொலைநோக்கி அந்தக் கதிரைப் பார்க்கக்கூடியது. 2014இல் வெளியான அதன் வரைபடத்தில் டைட்டானியம் நடுப்பகுதியில் கட்டி கட்டியாகக் கிடந்தது, சந்திரா காட்டிய இரும்போடு பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. விண்மீனின் நடு, வெடிக்கும் முன் இப்படியும் அப்படியும் அலைக்கழிந்து கொதித்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஒரு தொலைநோக்கியின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படத்தின் நடுவை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அதைத் தவற விடாதீர்கள். விண்மீனின் உள்ளகம் நொறுங்கிச் சுருண்டதில் மிஞ்சிய நியூட்ரான் விண்மீன் அது. சூரியனைவிட எடை கூடுதல், குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர். 1999 ஆகஸ்டில் சந்திரா வெளியிட்ட முதல் படமே காசியோப்பியா ஏ-தான். அதுவரை யாரும் கண்டிராத அந்தப் புள்ளி அந்தப் படத்திலேயே தெரிந்தது.

சரி, எங்கேயோ ஒரு விண்மீன் வெடித்தது, இதில் எனக்கு என்ன என்று கேட்கிறீர்களா? உங்கள் உடம்பிலிருந்தே தொடங்கலாம். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில். எலும்பிலும் பல்லிலும் சுமார் 1 கிலோ கால்சியம். உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன். இவை எதையும் பூமி தயாரிக்கவில்லை. சூரியன் பிறப்பதற்கு முன்னால் வாழ்ந்து முடிந்த விண்மீன்கள் சமைத்துச் சிதறவிட்டவை வாயுவோடு கலந்து, அந்த வாயுவில் சூரியனும் பூமியும் உருவாகி, மண் வழியாகச் சோற்றுக்கும் கீரைக்கும் வந்தன. காசியோப்பியா ஏ சிதறவிட்டது நமக்கு வராது, அது வெகுதூரத்தில் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் நமக்கு வந்தது எப்படி வந்தது என்பதை இன்று நேரில் பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

ஆக்சிஜனுக்குப் பெரிய விண்மீன்களின் வெடிப்பே முக்கியக் காரணம். இரும்பின் கதை கொஞ்சம் வேறு. அதில் பெரும்பங்கு வெண்குறு விண்மீன்கள் (சூரியன் போன்றவை எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சிறிய, அடர்ந்த உடல்) வெடிப்பதால் வருகிறது. அப்படிப்பட்ட உடல் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்று கணக்கிட்டவர் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், 19 வயதில் தொடங்கிய கணக்கு. டைக்கோ பிராஹி 1572இல் கண்ட சூப்பர்நோவா அந்த வகை. அதன் எச்சத்தையும் சந்திரா படம் எடுத்திருக்கிறது.

அடுத்தது, உங்கள் உள்ளங்கை. இதைப் படிக்கும் நேரத்தில் வினாடிக்கு ஒன்று என்ற அளவிலாவது மியூவான்கள் (எலக்ட்ரானின் எடை கூடிய உறவினர் என்று சொல்லத்தக்க துகள்) அதைத் துளைத்துப் போகின்றன. காஸ்மிக் கதிர் எனப்படும் அதிவேகத் துகள்கள் நம் காற்றின் மேலடுக்கில் மோதுவதால் பிறப்பவை இவை. அந்த வேகத்தைக் கொடுப்பது யார்? பெரும்பங்கு சூப்பர்நோவா எச்சங்கள்தான் என்று கருதுகிறார்கள். 1995இல் ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோள், 1006ஆம் ஆண்டில் வெடித்த விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர் சூட்டினால் வருவதல்ல என்று காட்டியது. ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வருவது அது. காசியோப்பியா ஏ-யின் நீல நூல்களும் அதே வகை. அடுத்த முறை அந்த நீலத்தைப் பார்த்தால், துகள்கள் முடுக்கம் பெறும் இடம் என்று வாசியுங்கள்.

இந்தத் துகள்களால் நமக்குக் கெடுதல் உண்டா? தரையில் இருப்பவர்களுக்குக் கவலைப்படும் அளவில் இல்லை. உயரத்தில் காற்று குறைவு என்பதால் விமானத்தில் அளவு கூடும். எப்போதாவது பயணம் செய்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆனால் விமானப் பணியாளர்களுக்குப் பல நாடுகளில் கணக்கு வைக்கிறார்கள். இத்தகைய துகள் கணினி நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிடுவதும் உண்டு. அதனால்தான் பெரிய சர்வர் கணினிகளில் பிழையைத் தானே திருத்தும் நினைவகம் வைக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு விண்மீன் வெடித்தால்? இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும், அடிக்கடி திருவாதிரை விண்மீனின் பெயரோடு வரும். திருவாதிரை வெடிக்கப்போவது உறுதி, ஆனால் அது ஒரு லட்சம் ஆண்டு தள்ளிக்கூட இருக்கலாம். அதன் தொலைவு 500 முதல் 700 ஒளியாண்டு. 2023இல் சந்திரா உள்ளிட்ட தொலைநோக்கிகளின் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. சில வகை சூப்பர்நோவாக்கள் சுற்றியிருக்கும் அடர்ந்த வாயுவில் மோதி, வெடித்த சில மாதங்களிலிருந்து பல ஆண்டுகள் வரை கடுமையான எக்ஸ் கதிரை வீசுகின்றன. அது ஒரு கோளின் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடிய தூரம் சுமார் 160 ஒளியாண்டு வரை போகலாம் என்பது அதன் முடிவு. திருவாதிரை அந்த எல்லைக்கு வெகு வெளியே இருக்கிறது. வெடித்தால் பகலிலும் தெரியும் ஒரு வேடிக்கை நமக்குக் கிடைக்கும், அவ்வளவே.

முன்பு பக்கத்தில் வெடித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பசிபிக் கடலடிப் பாறை மேலோட்டில் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு கிடைத்திருக்கிறது. 26 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் பொருள் அது. பூமி பிறந்தபோது இருந்திருந்தால் இதற்குள் முழுக்கத் தேய்ந்து போயிருக்கும். ஆக, பின்னால் வந்து விழுந்திருக்க வேண்டும். 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றோ சிலவோ ஓரளவு அருகில் வெடித்ததன் தூசி அது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் முன்னோடி இனங்கள் அதைத் தாண்டி வந்திருக்கின்றன.

சந்திராவுக்குப் பின் என்ன வந்திருக்கிறது? 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் தொலைநோக்கியைச் சொல்ல வேண்டும். அதன் கருவி ஒரு ஃபோட்டான் விழுந்ததும் உண்டாகும் சூட்டை அளக்கிறது. அவ்வளவு சிறு சூட்டை உணர, தனிச்சுழியத்துக்கு (இதற்குக் கீழே குளிர முடியாத அளவு, கழித்தல் 273 டிகிரி) 0.05 டிகிரி மேலே அதைக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். 36 புள்ளிகள்தான் உண்டு, படம் எடுக்க லாயக்கில்லை. ஆனால் ஆற்றலை சந்திராவின் சில்லுகளைவிடப் பல மடங்கு துல்லியமாகப் பிரிக்கிறது. காசியோப்பியா ஏ-யில் குளோரினும் பொட்டாசியமும் இருப்பதை அது காட்டியிருக்கிறது. உப்பில் இருக்கும் குளோரின், நரம்பு வேலை செய்யத் தேவையான பொட்டாசியம்.

இந்தியாவின் பங்கும் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை ஏவியது. அதில் எக்ஸ்பெக்ட் என்ற கருவி முதலில் பார்த்தது காசியோப்பியா ஏ-யைத்தான். அது படம் எடுப்பதில்லை, ஆற்றல் வாரியாக எண்ணிக் கோடு வரைகிறது. மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் மேடுகள் அந்தக் கோட்டில் தெரிந்தன. ஏன் எல்லோரும் இதையே முதலில் பார்க்கிறார்கள்? பிரகாசமானது, நன்றாகத் தெரிந்தது, எங்கே எந்த மேடு வர வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். புதுக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிடத் தோதான இலக்கு குறைவு.

இதை நீங்களே வானில் பார்க்க முடியுமா? நவம்பர் நடுவில் இரவு 8 மணி வாக்கில் வடக்கே பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து, அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே ஐந்து விண்மீன்கள் ஆங்கில எம் எழுத்துப் போல நிற்கும். அதுதான் காசியோப்பியா விண்மீன் கூட்டம். எச்சம் அதன் மேற்குப் பக்கம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது ஓர் எச்சத்தைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால், நண்டு நெபுலாவைச் சிறு தொலைநோக்கியில் இருட்டான ஊரிலிருந்து தேடுங்கள். மங்கலான ஒரு திட்டு தெரியும். படங்களில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

காசியோப்பியா ஏ-யை நிறத்தோடு பார்க்க வேண்டுமானால் கணினியில்தான் முடியும், அதற்குக் காசு வேண்டாம். சந்திராவின் பதிவுகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. வானியலாளர்கள் பயன்படுத்தும் டிஎஸ்9 என்ற மென்பொருளும் இலவசம். சந்திரா காப்பகத்தின் தேடல் பெட்டியில் பதிவு எண் 114 என்று கொடுங்கள். 2000 ஜனவரியில் எடுத்த காசியோப்பியா ஏ பதிவு வரும், ஏறக்குறைய 14 மணி நேரம் பார்த்தது. அதை டிஎஸ்9இல் திறந்து, ஆற்றல் 1,700 முதல் 2,000 வரை என்று வடிகட்டினால் சிலிக்கான் வட்டம் எழும். 6,400 முதல் 6,900 வரை என்று மாற்றினால் பெரும்பகுதி மறைந்து, கீழே இடதுபுறம் சில கட்டிகள் தூக்கலாக நிற்கும். அவைதான் வரிசையை மீறி வெளியே வந்த இரும்பு.